பட்டணம் விட்டுக் கொம்யூன் ஊருக்குக் குடிபோதல்: அங்கத்தினர் ஆராய வேண்டியவை

புதுச்சேரிப் பட்டணத்தில் குடியிருக்கும் நம் அங்கத்தினர் பலருடைய உள்ளத்தில் அண்மைக் காலமாக ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. வாடகை ஆண்டுதோறும் ஏறுகிறது. தறி போட்டிருக்கும் தாழ்வாரத்தை இடித்து மாடி கட்ட வீட்டுக்காரர் விரும்புகிறார். முற்றம் வைத்த பழைய வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவருகின்றன. இந்நிலையில், பாகூரிலோ, திருபுவனையிலோ, திருக்கனூரிலோ ஓர் ஓட்டு வீடு பார்த்துக்கொண்டு குடும்பத்தோடும் தறியோடும் போய்விட்டால் என்ன என்று அவர்கள் எண்ணுகிறார்கள். விவசாய அங்கத்தினருள்ளும், பட்டணத்தில் ஜாகையும் நெட்டப்பாக்கத்துப் பக்கம் பிதிரார்ஜித நிலமுமாக இரண்டுக்கும் இடையே அலைபவர் சிலர், நிலத்தருகே போய்த் தங்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். இம்மாதப் பாடத்துக்கு இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

போகலாம் என்றோ கூடாது என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல இயலாது. ஆனால், தறியோடு போகிறவர் தனிக் குடும்பமாகப் போகக்கூடாது என்பதே எங்கள் அபிப்பிராயம். அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காரணங்கள் பின்னே வரும்.

நமது பட்டணமே நெசவாளர் குடியேறி வளர்த்த ஊர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1674-ஆம் ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் இங்கு வந்து நிலைகொண்டபோது இது கடலோரச் சிற்றூர். 1693-இல் டச்சுக்காரர் இதனைக் கைப்பற்றினர். அவர்கள் வரைந்த நகரத் திட்டத்தில் நெசவாளர்க்கெனத் தெருக்கள் குறிக்கப்பட்டன. 1699-இல் ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தபின் நெசவாளரைக் கொண்டுவந்து குடியமர்த்தும் வேலை முனைப்பாக நடைபெற்றது. செஞ்சியைச் சுற்றி நடந்த நீண்ட முற்றுகைப் போரால் உள்நாட்டில் அமைதி குலைந்திருந்த காலம் அது. காவல், துணிக்கு முன்பணம், ஏற்றுமதிக்குக் கப்பல் ஆகிய மூன்றும் இங்கே கிடைத்தன.

அந்த நெசவாளர் எவ்வாறு வந்தனர் என்பது நமக்கு முக்கியம். அவர்கள் தெருவாகவும் கூட்டமாகவும் வந்தனர். சாயக்காரர், நூல் வியாபாரி, தறித் தச்சர், கோவில், ஊர்ப் பெரியதனக்காரர் அனைவரும் உடன் இருந்தனர். ஆகையால் அவர்களுக்குப் பேரம் பேசும் வலிமை இருந்தது. 1701-ஆம் ஆண்டில் கோவில் விஷயமாகத் தகராறு எழுந்தபோது, குடிமக்கள் தொழிலை நிறுத்தி ஊரை விட்டே வெளியேறத் தலைப்பட்டனர். நிர்வாகம் இறங்கிவர நேர்ந்தது. கூட்டமாக வந்தவர் கூட்டமாகப் போய்விடக் கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

இதற்கு எதிரான உதாரணமும் அதே காலத்தில் உண்டு. கம்பெனியின் தலைமைத் தரகராக விளங்கிய நயினியப்பப் பிள்ளை, தம் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையைச் சென்னைப் பெரம்பூரிலிருந்து இங்கு வரவழைத்தார். 1716-இல் நயினியப்பர் சிறைப்பட்டார்; 1717-இல் சிறையிலேயே மாண்டார். அவர்மீது சொல்லப்பட்ட தீர்ப்பு பின்னர் ரத்தாயிற்று. ஆனால் ஒருவருடைய செல்வாக்கை மட்டும் நம்பி வந்த திருவேங்கடம் பிள்ளை சென்னைக்கே திரும்ப நேர்ந்தது. பிறகு மறுபடியும் அழைக்கப்பட்டே வந்தார். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை அவருடைய மகனே. “அங்கே நம் மாமா இருக்கிறார், பார்த்துக்கொள்வார்” என்று புறப்படும் அங்கத்தினர் இக்கதையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் பட்டணத்தை நோக்கி வந்ததற்குக் காரணம் ஆலைகள். சவானா ஆலை 1828-இலும், கெப்ளே ஆலை 1892-இலும், ரோடியர் ஆலை 1898-இலும் தோன்றின. சங்கு ஊதும் ஓசை கேட்கும் தூரத்தில் வீடு வேண்டும் என்பது அக்காலத் தொழிலாளியின் தேவை. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டமும், 1936 ஜூலை 30-இல் 12 தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டதும் நம் மக்கள் மறவாத நிகழ்ச்சிகள். பின்னாளில் சுதேசி, பாரதி, ஏ.எப்.டி. எனப் பெயர் மாறிய அம்மூன்று ஆலைகளும் 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ஆகவே பட்டணத்தை ஒட்டியே வாழ வேண்டும் என்பதற்கிருந்த பழைய காரணம் ஒன்று ஒழிந்தது. வேறு காரணங்கள் எவ்வளவு மிஞ்சியுள்ளன என்பதே கேள்வி.

எல்லை எங்கே இருக்கிறது?

நமது பிரதேசத்தின் பூகோளம் வேறெங்கும் காணாத ஒன்று. புதுச்சேரி, உழவர்கரை என இரு நகராட்சிகளும், அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. ஆனால் இவை ஒரே துண்டாக இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் நிலம் ஊடே ஊடே நுழைந்து கிடக்கிறது. பேருந்தில் ஒரு மணி நேரம் போவதற்குள் எல்லை பலமுறை மாறும். சில இடங்களில் சாலையின் இருபுறமும் இரு வேறு ஆட்சி. 1954 நவம்பர் 1-க்கு முன் சுங்கக் காவலைத் தாண்டி நூல் கொண்டுவந்த தொல்லையை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று காவல் இல்லை. வரப்பு மட்டுமே உண்டு. எனினும் அந்த வரப்புக்குப் பலன் இருக்கிறது.

வாடகை குறைவு என்று மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு வீடு பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வீடு வரப்புக்கு அப்பால் இருந்துவிட்டால், குடும்ப அட்டை வேறு, வாக்காளர் பட்டியல் வேறு, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கான குடியிருப்புச் சான்றிதழ் வேறு. அவ்வளவு ஏன், கூட்டுறவுச் சட்டமே வேறு. இங்கே நம் சங்கங்கள் 1972-ஆம் ஆண்டுப் புதுச்சேரிக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. அங்கே 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். நூறு அடி தள்ளி வீடு பிடித்ததால் சலுகை நின்றுபோன குடும்பத்துக்கு எந்த அலுவலகமும் பரிகாரம் சொல்ல இயலாது. ஆகையால் வீடு பார்க்கும்போது சுவரையும் கூரையையும் பார்ப்பதற்கு முன், வீட்டு வரி ரசீதைக் கேட்டு வாங்கி, எந்தப் பஞ்சாயத்தின் முத்திரை என்று பார்க்க வேண்டும்.

வில்லியனூரைப் பற்றி ஒரு வார்த்தை. சுடுமண் வேலைக்கும், துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் திருக்காமீசுவரர் தேருக்கும் பெயர்பெற்ற அவ்வூர், பட்டணத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். 1879-இல் போட்ட விழுப்புரம் ரயில் பாதையும் அவ்வழியே செல்கிறது. வாடகையிலும் இரைச்சலிலும் அதனை இனிச் சிற்றூர் என்பது பொருந்தாது. அமைதியை நாடிப் போகிறவர் ஏமாறுவர். பட்டணத்தின் தொடர்பு அறாமல் சிறிது இடம் வேண்டுபவர்க்கு மட்டும் அது ஏற்றது.

தறிக்கு ஏற்ற வீடு

குழித்தறி நெய்பவர்க்கு வீடு என்பது முதலில் தரைதான். மிதிகட்டைகள் இயங்க இரண்டரை, மூன்று அடி ஆழக் குழி வேண்டும். மண்ணின் ஈரப்பதம் பாவு நூலைப் பதமாக வைத்திருக்கும் என்பதால்தான் முன்னோர் இவ்வாறு அமைத்தனர். ஈரம் வேண்டும், ஆனால் ஊற்று கூடாது. கடலோர மணலில் குழியின் சுவர் சரியும். செங்கல் வைத்துக் கட்டினாலன்றி நிற்காது. ஏரியை அடுத்த களிப்பாங்கான நிலத்திலோ, கோடையில் நன்றாகக் காய்ந்து கிடக்கும் தரை, கார்த்திகை பிறந்ததும் கசியத் தொடங்கும். குழியில் நான்கு விரல் நீர் நின்றால் மிதிகட்டை ஊறும், கயிறு இற்றுப்போகும், நெய்பவரின் கால் புண்ணாகும், படைமரத்தில் சுற்றிய துணியில் கறை பிடிக்கும். சங்கத்தில் அந்தத் துணி இரண்டாம் தரமாகத் தள்ளப்படும்.

இதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வீட்டுக் கிணற்றிலோ பக்கத்து வீட்டுக் கிணற்றிலோ மழைக்காலத்தில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தரைக்கு ஐந்தடிக்குள் நீர் ஏறுகின்ற இடத்தில் மூன்றடிக் குழி தோண்டுவது வீண். சித்திரையில் வீடு பார்த்து வைகாசியில் குடிபோகும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அது பள்ளிக்கூடக் கணக்குக்குச் சரி, தறிக்குச் சரியன்று.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு கரை கடந்த பெஞ்சல் புயலை எவரும் மறந்திருக்கமாட்டார். ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டிற்று. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. சங்கராபரணியின் கரையூர்களுக்கு வீடூர் அணையால் இத்தகைய அபாயம் உண்டு. ஆற்றங்கரை வீட்டை வாடகைக்குப் பேசுமுன், அந்த வெள்ளத்தின் கறை சுவரில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. வீட்டுக்காரர் வெள்ளையடித்திருப்பார், எதிர்வீட்டுச் சுவர் உண்மை சொல்லும்.

கூரையும் முக்கியம். தகரக் கூரையின்கீழ் சித்திரை வெயிலில் நூல் முறுகி அறும். சீமை ஓட்டு வீடே உத்தமம். ஓட்டின் நடுவே இரண்டு கண்ணாடி ஓடு வைத்துக்கொண்டால் பகல் வெளிச்சத்துக்குக் குறைவிராது.

இனிப் பாவு. சங்கமே பாவை உருளையாகச் சுற்றிக் கொடுத்துவிடுமானால் இக்கவலை இல்லை. அவ்வாறின்றித் தாமே பாவு நீட்டிக் கஞ்சி போடுபவர்க்கு நீளமான, நேரான, விடியற்காலையில் வண்டி வராத தெரு வேண்டும். நெசவாளர் வாழும் ஊர்களில் பாவடி என்று பொது இடமே விட்டிருப்பார்கள். உழவர் ஊரில் பாவடி ஏது? தெருவில் பாவு நீட்டினால், களத்துக்குப் போகும் மாட்டுக்கும் டிராக்டருக்கும் அது தடை. ஒரு நாள் பொறுப்பார்கள், இரண்டு நாள் பொறுப்பார்கள். தவிரவும் பாவு நீட்டுவது இருவரால் ஆகும் வேலையன்று. பாவு பிணைப்பவர், அச்சு கட்டுபவர், விழுது பின்னுபவர், சாயக்காரர், தறித் தச்சர் என்று ஒரு தறியின் பின்னால் ஐந்தாறு கைகள் இருக்கின்றன. முத்தியால்பேட்டையில் அக்கைகள் அடுத்த தெருவில் இருப்பதால் நமக்கு அவை கண்ணில் படுவதில்லை. ஊர் மாறிய பிறகே அவற்றின் அருமை தெரியும். தனிக் குடும்பமாகப் போகாதீர் என்று மேலே நாங்கள் சொன்னது இதுபற்றியே.

நீரும் நிலமும்

சாயத்துக்கும் பயிருக்கும் நீரே ஆதாரம். புதுச்சேரியின் நீலத் துணி கப்பலேறிப் பிரான்சின் வழியாகச் செனகல் நாடு வரை சென்று, அங்கே பிசினுக்கு மாற்றுப் பண்டமாக விளங்கியது. அந்நாளில் சாயம் நன்கு பிடிப்பதற்கு இவ்வூர்க் கிணற்று நீரே காரணம் என்று பேர் இருந்தது. இன்று கடலோரத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறிவிட்டது. அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே நுழைந்திருக்கிறது. உப்பு நீரில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், நெற்பயிர் நுனி கருகும். ஆகவே குடியேறும் ஊரின் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அறிந்துகொள்வது செலவன்று, சேமிப்பு.

விவசாய அங்கத்தினர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாகூர் ஏரி நம் பிரதேசத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து வங்காரு வாய்க்கால் வழியாக அதற்கு நீர் வருகிறது. பட்டணத்திலிருந்து போகிறவர், ஏரி இருக்கிறது என்று கண்ட உடனே நீர் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார். தம் நிலம் எந்த மதகின்கீழ் உள்ளது, தலைமடையா கடைமடையா, சொர்ணவாரிக்கு நீர் கிடைக்குமா, சம்பாவுக்கு மட்டுமா என்பனவற்றை உள்ளூர்க்காரரிடம் கேட்டறிய வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், ஏரிப் பாசனக்காரர் சேர்ந்து பொது நிதி வைத்து வாய்க்கால் தூர்வாரி வந்த சங்கங்கள் இங்கே இருந்தன. நாளடைவில் அவை தேய்ந்தன. ஆழ்குழாய்க் கிணறு வந்ததும், தனக்கென நீர் உள்ளவன் பொது வாய்க்காலைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 84 ஏரிகளைச் சீர்படுத்தும் திட்டம் தொடங்கியபோது, ஏரிதோறும் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்தது இக்குறையை உத்தேசித்தே. புதிதாகக் குடியேறுபவர் அத்தகைய சங்கம் தம் ஊரில் உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, இருந்தால் முதல் ஆண்டிலேயே அதில் சேர்ந்துவிடுவது நலம். வாய்க்கால் வெட்டும் நாளில் மண்வெட்டியோடு போய் நின்றவனுக்கு ஊரில் கிடைக்கும் இடம், பணம் கொடுத்து ஒதுங்கியவனுக்குக் கிடைப்பதில்லை.

நிலம் வாங்கும் எண்ணம் உள்ளவர், அளவைச் சொற்களில் ஏமாறக்கூடாது. நம் பத்திரங்களில் எக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சு முறையில் எழுதப்பட்டிருக்கும். வரப்புக்கு அப்பால் ஏக்கர், சென்ட் என்பார்கள். பேச்சில் இரு பக்கத்தாரும் குழி என்பார்கள். நம் பக்கத்தில் குழி என்பது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர், அல்லது 53 1/2 ஆர். ஆனால் தஞ்சைப் பக்கத்து வழக்கில் குழி 144 சதுர அடிதான்; அங்கே 100 குழி ஒரு மா, 33 சென்ட். 20 குழி மனை என்று சொன்னால், ஒரு கணக்கில் 26 சென்ட்டுக்குச் சற்று மேல், மற்றொரு கணக்கில் 7 சென்ட்டும் இல்லை. ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர் என்ற ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிப் பார்த்தபின் விலை பேசுக.

சங்கமும் கணக்கும்

ஒவ்வொரு சங்கத்துக்கும் துணைவிதியில் செயல் எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வெல்லையை விட்டுக் குடிபோகிற அங்கத்தினர், அங்கத்தினராகவே நீடிக்கலாமா என்பதைத் துணைவிதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நிர்வாகி வாய்மொழியாகச் சொல்வது போதாது. பங்குத் தொகை, கூலியில் பிடித்த சிக்கன நிதி, கடன் பாக்கி, பிணை நின்ற கடன் ஆகிய நான்கையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளாமல் வண்டி ஏற்றக்கூடாது. பிறருக்குப் பிணை நின்றதை மறந்துவிட்டு ஊர் மாறுபவர் பலர்; பின்னால் வருகின்ற தாக்கீது பழைய விலாசத்துக்குப் போய், பதில் இல்லாமலே காலம் கடந்துவிடும். நெசவாளர் அடையாள அட்டையிலும் விலாசம் மாற்ற வேண்டும். விலாசம் பொருந்தாத காரணத்தால் காப்பீட்டு மனு திரும்பிவருவது வழக்கமான செய்தி.

இனி வருமானக் கணக்கைப் பார்ப்போம். கணக்குக்காக, ஒருவர் நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி காண்கிறார், ஊர் மாறினால் வாடகையில் மாதம் 3,000 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நூல் வாங்க ஒருமுறை, துணி கொடுக்க ஒருமுறை என வாரம் இருமுறை பட்டணத்துக்கு வர வேண்டும். பாகூர் சுமார் 20 கிலோமீட்டர். திருக்கனூர் அதனினும் தூரம். பேருந்துக்குக் காத்திருப்பது, சங்கத்தில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும். வாரத்துக்கு ஒரு நாள் வேலை போயிற்று. மாதம் 1,600 ரூபாய். பேருந்துச் செலவைக் கழித்தால் 3,000 ரூபாய் மிச்சம் என்று எண்ணியதில் பாதிகூட நிற்பதில்லை. இதிலே ஒரு வாரம் நூல் வராமல் திரும்பினால் அந்த மிச்சமும் போயிற்று.

அதே ஊருக்கு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போயிருந்தால் என்ன ஆகும்? முறை வைத்துக்கொண்டு ஒருவர் மூவருடைய துணியையும் கொண்டுவந்து, மூவருக்கும் நூல் வாங்கிச் செல்வார். ஒவ்வொருவருக்கும் மூன்று வாரத்தில் ஒரு நாள்தான் நஷ்டம். மாதத்துக்கு 550 ரூபாய்க்குள் அடங்கும். பத்துத் தறி சேர்ந்துவிட்டாலோ, சங்கமே வாரம் ஒருமுறை வண்டி அனுப்பும்படி நிர்வாகக் குழுவைக் கேட்கலாம். பொதுக்குழுவில் எழுந்து கேட்பதற்கு அப்போது நியாயம் உண்டு.

வீட்டுப் பெண்டிரின் வேலையை இக்கணக்கில் பெரும்பாலோர் சேர்ப்பதேயில்லை. தார் சுற்றுவதும் பாவுக்குக் கைகொடுப்பதும் அவர்களே. பட்டணத்தில் அதற்கு மேல் வீட்டு வேலையோ, கடை வேலையோ செய்து மாதச் சம்பளம் கொண்டுவரும் பெண்கள் உண்டு. சிற்றூரில் அவ்வேலை கிடையாது. நடவும் களையும் பருவத்து வேலைகள், பழகாத கைக்கு அவற்றில் கூலியும் குறைவு. ஆணின் யோசனைக்குப் பெண்ணின் சம்பளம் பலியாகும் என்றால், அதனை முன்னரே குடும்பத்தில் உட்கார்ந்து பேசுவது முறை. முடிவு எடுத்தபின் தெரிவிப்பது முறையன்று.

வயது முதிர்ந்தவர் வீட்டில் இருந்தால், மருத்துவமனையின் தூரத்தை நடுப்பகலில் கணக்கிடாமல் நள்ளிரவில் கணக்கிட வேண்டும். ஜிப்மர் கோரிமேட்டில், பட்டணத்துக்கு வடமேற்கே இருக்கிறது. பாகூரிலிருந்து அங்கு செல்லப் பட்டணத்தைக் கடந்தாக வேண்டும். மாதந்தோறும் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வாங்குபவர்க்கு, ஊரிலுள்ள சுகாதார நிலையத்தில் அம்மருந்துகள் கிடைக்கின்றனவா என்று நேரில் விசாரித்துவிட வேண்டும். பள்ளியைப் பற்றி நாங்கள் அதிகம் அஞ்சவில்லை. கொம்யூன் ஊர்களில் மேல்நிலைப் பள்ளிகள் உள்ளன. கல்வி என்பதே பட்டணத்துப் பொருள் என்ற எண்ணமும் தவறு. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்குப் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைச் செப்பேடு கூறுகிறது. திருபுவனையிலும் 1048-ஆம் ஆண்டையொட்டிய சோழர் கல்வெட்டு ஒரு பெரிய கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது.

ஊராரோடு

வீடு கேட்கப் போனால், சிற்றூரில் முதலில் எழும் கேள்வி தொழிலைப் பற்றியதன்று, சாதியைப் பற்றியது. இதை மறைத்துப் பாடம் எழுதுவதில் பயனில்லை. பட்டணத்தில் இக்கேள்வி மறைமுகமாக வரும். அங்கே நேரே வரும். ஊர்த்தெருவில் வீடு மறுக்கப்பட்ட அங்கத்தினருக்குச் சங்கம் துணை நிற்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சங்கத்தின் பேரிலேயே தறிக்கூடத்துக்கு இடம் பிடித்து, எல்லா அங்கத்தினரும் ஒரே கூரையின்கீழ் நெய்யும்படி செய்வது இதற்கு ஒரு வழி.

புதுக்குடி என்றால் ஊர் சில காலம் வேடிக்கை பார்க்கும். தலைக்கட்டு வரியில் பெயர் சேர்ப்பார்களா, திருவிழாக் கூட்டத்துக்கு அழைப்பார்களா என்பதிலிருந்து தம் நிலையை அறியலாம். தலைக்கட்டில் சேர்ந்தால் செலவு உண்டு. சேராவிட்டால் சாவுக்கும் வாழ்வுக்கும் ஆள் இல்லை. இரவில் பத்து மணிக்கு மேல் தறி ஓசை கேட்டால், விடியுமுன் ஏர்பூட்டப் போகிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம் வருவது இயல்பு. பட்டணத்து வழக்கப்படி வாதாடாமல், வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்வதே சுமுகம். கடன் விஷயத்திலும் கவனம் வேண்டும். சிற்றூர் மளிகைக் கடையில் கணக்கு வைப்பது எளிது; அந்தக் கணக்கு ஊர் முழுவதும் தெரிந்துவிடுவதும் அத்தனை எளிது.

புறப்படும் முறை

முதல் ஆண்டு பட்டணத்து வீட்டை முழுவதும் விட்டுவிடாமல், கூடுமானால் ஒருவர் மட்டும் ஒரு தறியோடு போய் ஒரு மழைக்காலத்தை அங்கே கழித்துப் பார்ப்பது நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை குழியும் கூரையும் தெருவும் தாங்கினால், தை பிறந்தபின் குடும்பம் போகலாம். அப்போது பாவு நீட்டத் தெருவும் காய்ந்திருக்கும், சம்பா அறுவடையால் ஊரில் கைக்காசும் புழங்கும்.

தறியைக் கழற்றும்போது, ஓடுகின்ற பாவை அறுத்து எடுத்துக்கொண்டு போகக்கூடாது. நெய்து முடித்துத் துணியைச் சங்கத்தில் கொடுத்துவிட்டு, அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கும் நூல் முனைகளை மட்டும் ஒரு முழ நீளம் விட்டு முடிச்சிட்டு, அச்சையும் விழுதையும் பிரிக்காமல் பழந்துணியில் சுற்றி, வேப்பிலை வைத்து, எலி எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். அம்முனைகள் இருந்தால் புது வீட்டில் முதல் பாவை அவற்றோடு பிணைத்துவிடலாம். அவற்றை இழந்துவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகக் கோப்பதற்குப் பட்டணத்திலிருந்து ஆள் அழைத்துவர வேண்டியிருக்கும்.